கயிறு கட்டியவனும் நூறு குழாய்களும்

1

போன வாரம் பீர் கடைக்குள் நுழைந்ததும் டேனி கேட்டான்: "காஜ் எப்ப திரும்பி வர்றார்?"

காஜ் என்பது என் தம்பி கஜேந்திரன். டேனி என்பவன், நான் குடியிருக்கும் போர்ட்லண்ட் நகரத்தில், நூறு குழாய்கள் வைத்த ஒரு பெரிய பீர் கடையில் குழாய் திறக்கிறவன். இரண்டு கையிலும் பச்சை குத்தியிருப்பான். தாடியை எங்கள் ஊர் சாமியார்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

"இனிமே வரமாட்டார்" என்றேன்.

"விசா கொடுக்க மாட்டேங்கிறாங்களா?"

எங்களுக்கு வரக்கூடிய துக்கம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது விசா ஒன்றுதான். இறந்துவிட்டார் என்றேன். டேனி கையிலிருந்த குவளையை மெதுவாகக் கீழே வைத்தான். எப்படி என்று கேட்டான். நூறு குழாய்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, குடித்துச் செத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்றேன். பொய் இல்லை. யாராக இருந்தாலும் கடைசியில் உடம்புதான் சரியில்லாமல் போகிறது.

டேனியிடம் சொல்லாத இன்னொன்று உண்டு. என் தம்பி பெரியவனான பிறகு, சேர்ந்தாற்போல் நெடுநாள் குடிக்காமல் இருந்தது ஒரே ஒரு காலம். அது இந்தக் கடைக்கு மாலைதோறும் வந்துபோன காலம். ஊரில் இதைச் சொன்னால் அண்ணனுக்கும் ஏறிவிட்டது என்பார்கள். அதனால் எழுதிவிடுகிறேன். எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியம்தான்.

2

கஜா உத்திரமேரூரில் சாமியானா பந்தல் போடுகிறவன். பந்தல், நாற்காலி, மேசை, பாத்திரம், மைக் செட், எல்லாம் அவனே. சாலவாக்கத்தில் காதுகுத்து என்றாலும், மாகறலில் கல்யாணம் என்றாலும், நடுவில் எந்த ஊரில் சாவு என்றாலும் அவன் வண்டிதான் முதலில் போய் நிற்கும். நான் கணினி நிறுவனத்தில் சோதனைப் பிரிவு. மற்றவர்களுடைய தவறுகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். என்னுடைய தவறுகளைக் கண்டுபிடிக்க வீட்டில் ஒருவர் சம்பளம் இல்லாமல் இருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் பந்தல் போடும் ஆட்களுக்குக் கூலி தனி, குவாட்டர் தனி. நல்லதோ கெட்டதோ, கம்பு நட்டு, கயிறு இழுத்து, சேர் போட்டு முடித்ததும் வீட்டுக்காரர் ஒரு மஞ்சள் பையை நீட்டுவார். வாங்காவிட்டால் அவர் முகம் வாடிவிடும். இப்படி ஊரார் முகம் வாடாமல் பார்த்துக்கொண்டே என் தம்பி ஒருநாள் வாஷ்பேசினில் ரத்தமாக வாந்தி எடுத்தான். செங்கல்பட்டு டாக்டர், இன்னொரு முறை குடித்தால் என்னிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று செல்வியிடம் சொல்லிவிட்டார். செல்வி அவன் மனைவி.

செல்வி எனக்கு போன் செய்தாள். "மாமா, ஆறு மாசம் அங்க இட்டுனு போயிடுங்க. ஏரிக்கர அம்மன் கோயில்ல கயிறு கட்டிக்கறேன்றாரு. கட்டுவாரு. ஆனா இங்க இருந்தா கயிறு நிக்காது மாமா."

கயிறு கட்டுவது நம் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குடியை நிறுத்த நினைக்கிறவன் கோயிலில் போய், இத்தனை மாதம் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சொல்லுவான். பூசாரி அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். கயிறு இருக்கும்வரை குடித்தால் சாமி குற்றம். புத்தி பேதலிக்கும், கை கால் விளங்காது. டாக்டருக்குப் பயப்படாத பெரிய பெரிய குடிகாரர்கள் இந்தக் கயிற்றுக்குப் பயந்து மோர் குடித்துக்கொண்டு திரிவதை நானே பார்த்திருக்கிறேன்.

சென்னையில் விசா அதிகாரி, அமெரிக்காவில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கஜா, "இன்னா செய்யறது, சும்மாதான் இருப்பேன்" என்றிருக்கிறான். இதைவிட உண்மையான பதிலை அந்த அலுவலகம் கேட்டிருக்காது. உடனே கொடுத்துவிட்டார்கள். இங்கே விமான நிலையத்தில் ஆறு மாதம் தங்கலாம் என்று அனுமதித்தார்கள். அவன் கையில் இருந்ததும் ஆறு மாதக் கயிறு. அமெரிக்க அரசும் ஏரிக்கரை அம்மனும் பேசிவைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

3

அவன் வருவதற்கு முன்பு வீட்டைச் சுத்தம் செய்தோம். என் மனைவி வசந்தி, யாரோ பரிசாகக் கொடுத்த ஒயின் பாட்டிலை அலுவலகத்துக்கு எடுத்துப்போய்விட்டாள். நான் இருமல் மருந்தையும் வாய் கொப்பளிக்கிற திரவத்தையும் காரின் பின்பெட்டியில் ஒளித்துவைத்தேன். இவ்வளவு முன்யோசனை செய்த எனக்கு, பகல் முழுக்க அந்த வீட்டில் என்ன இருக்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. ஒன்றுமே இருக்காது. நானும் வசந்தியும் வேலைக்குப் போய்விடுவோம். மகள் திவ்யா நகரத்தில் தனியாக இருக்கிறாள். தெருவில் மழை மட்டும் பெய்துகொண்டிருக்கும்.

மைக் செட் போட்டுப் பிழைத்தவன். ஒலிபெருக்கி இரைச்சலில் நின்றபடியே தூங்கப் பழகியவன். மூன்றாம் நாளே கேட்டான்:

"ண்ணா, இந்தத் தெருல யாரனா செத்தா எப்படித் தெரியும்?"

"தெரியாதுடா."

"அப்ப கல்யாணம்?"

"அதுவும் தெரியாது."

"பேஜாரான ஊராக் கீதே" என்றான்.

அந்தத் தெருவின் ஒரே நிகழ்ச்சி, வாரத்துக்கு ஒருமுறை வரும் குப்பை லாரி. கஜா அதற்காகக் காத்திருந்து, குளித்துத் தலைவாரி, வாசலில் நின்று ஓட்டுநருக்கு வணக்கம் வைப்பான். முதலில் அந்த ஆள் ஏதாவது புகாரோ என்று பயந்தான். பிறகு அவனும் கும்பிட ஆரம்பித்தான்.

மற்ற நேரத்தில் சோபாவில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, மணிக்கட்டில் இருந்த கயிற்றைத் திருகிக்கொண்டிருப்பான். கேட்டால் பதில் வரும். தானாக ஒரு வார்த்தை வராது. ஒருநாள் சாயங்காலம் நான் வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. தேடிப்போனால், ஷெட்டில் நின்ற வசந்தியின் பழைய காரில் உட்கார்ந்திருந்தான். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஆங்கிலத்தில் எதையோ விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குப் புரியுதாடா?"

"இல்லண்ணா. ரெண்டு பேர் பேசறாங்களே, அத்தக் கேட்டுகினு இருந்தேன்."

அன்று அவன் கை நடுங்கியது. நான் பார்த்ததை அவனும் பார்த்தான். கையை மடியில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டான்.

4

இந்த நிலையில்தான் திவ்யாவுக்குப் புதிய வேலை கிடைத்தது. நண்பர்களுக்கு விருந்து வைக்கிறேன், சித்தப்பாவையும் அழைத்து வாருங்கள் என்றாள். எங்கே என்றேன். சொன்னாள். பீர் கடை.

எங்கள் குடும்ப வழக்கப்படி அவளிடம் சித்தப்பாவுக்கு "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தோம். "ஓட்டல் எதாவது பாரேன்மா" என்றேன். "அப்பா, அது குடும்பத்தோட போற இடம்பா. குழந்தைங்க வருவாங்க. நாய்கூட வரும்" என்றாள். நாய் வருகிறது என்பதை ஓர் இடத்தின் யோக்கியதைக்குச் சான்றாகச் சொல்லும் அளவுக்கு என் மகள் இந்த நாட்டுக்காரி ஆகிவிட்டாள்.

கஜாவிடம், "நீ வீட்லயே இருந்துடறியா?" என்றேன்.

"வந்ததுலேந்து வூட்லதாண்ணா கீறேன்." கையைத் தூக்கிக் காட்டினான். "கயிறு கீது. பயப்படாத."

பயப்படாமல் இருப்பது எப்படி? வழியெல்லாம் காரை மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே கடந்தார்கள்.

அது ஒரு காலத்தில் கிடங்காக இருந்த இடமாம். எங்கள் பக்கத்து நெல் மண்டி நாலைச் சேர்த்தால் அந்த நீளம் வரும். வாசலில் நின்ற ஒருவன், உள்ளே போய்க் குடிக்கிறவர்களின் வயதைச் சரிபார்த்தான். தலை நரைத்த கஜாவிடமும் அடையாள அட்டை கேட்டான்.

"இன்னாத்துக்குண்ணா வயசு கேக்கறான்? பொண்ணு கிண்ணு வெச்சினுகீறானா?"

இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவன் அடித்த முதல் கிண்டல் அது. நான் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் உள்ளே தெரிந்த சுவரில் இருந்தது. சுவர் முழுக்கக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு மரப்பிடி; மேலே எண்; அதற்கும் மேலே பெரிய பலகையில் பெயர்கள். ஒன்றில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்டிருக்கிறதாம். ஒன்றில் காப்பிக்கொட்டை. ஒன்றில் உப்பு. ரசத்துக்கு வேண்டியது கிட்டத்தட்ட எல்லாம் இருந்தது, புளியைத் தவிர. அப்புறம் பார்த்தால் புளி போட்டதும் ஒன்று இருந்தது. திவ்யாவின் நண்பர்கள் பல்லாங்குழிப் பலகை மாதிரி ஒரு கட்டையில் குட்டிக் குட்டிக் கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து, ஒரு வாய் குடிப்பதும், கண்ணை மூடுவதும், கருத்துச் சொல்வதுமாக இருந்தார்கள். மருந்துக் கடையில்கூட யாரும் இவ்வளவு பொறுமையாகக் குடிக்கமாட்டார்கள்.

உத்திரமேரூரில் ஒயின்ஷாப்புக்குப் பின்னால் என் தம்பி குடிக்கிற விதத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் கிளாஸ், தண்ணீர் பாக்கெட், கண்ணை மூடி ஒரே மடக்கு. கருத்துச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

கஜாவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் குழாய்களைப் பார்க்கவில்லை. கூடத்தைப் பார்த்தான். நீள நீள மேசைகள். தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். தவழ்ந்துபோகும் குழந்தை. எங்கே உட்காருவது என்று தட்டுடன் தவிக்கும் கிழவர்கள். காதைப் பிளக்கும் பேச்சு. அவன் முகம் மாறியது.

"யார் வூட்டுக் கல்யாணம்ணா?"

"கல்யாணம் இல்லடா. தினமும் இப்படித்தான்."

"தினமுமா!" என்றான். நான் அவனை உட்காரவைக்க இடம் தேடுவதற்குள் ஆளைக் காணவில்லை. குழாய்ப் பக்கம் ஓடினேன். அங்கே இல்லை. பார்த்தால், அறையின் மறுகோடியில் காலியாக இருந்த நாலு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தான். தவித்து நின்ற ஒரு வயதான தம்பதிக்கு மேசையோரம் இரண்டு போட்டான். உட்காரும் பலகையைத் தன் துண்டால் ஒரு தட்டுத் தட்டினான். "வாங்க, வாங்க, உக்காருங்க. குளிரு காத்து வருதா? இந்தாண்ட தள்ளிப் போடட்டா?" என்று கேட்டான். அந்த அம்மாள் அத்தனையும் புரிந்ததுபோல் உட்கார்ந்தாள்.

பந்தல்காரன் ஒரு விசேஷ வீட்டில் சும்மா உட்காரமாட்டான். அது விசேஷ வீடு இல்லை என்பது அவன் மூளைக்குத் தெரியும். கைகளுக்கு யார் சொல்வது? இரண்டு மேசையை இழுத்து ஒன்றாக்கினான். நடைவழியை மறித்த நாய்க்கு வேறு இடம் காட்டினான். டேனி என்னைக் கூப்பிட்டான். வெளியே போகச் சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"அவர் உங்க ஆளா?"

"என் தம்பி. மன்னிச்சுக்குங்க."

"வேலைக்கு வருவாரா?"

சுற்றுலா விசாவில் வேலை செய்யக்கூடாது, அவன் குடிப்பதும் இல்லை என்று நான் சட்டம் பேசினேன். டேனி சிரித்துவிட்டு, பீர் குவளையிலேயே நுரை ததும்ப எதையோ ஊற்றிக் கஜாவின் முன்னால் வைத்தான். நான் பாய்ந்து எடுத்து மோந்து பார்த்தேன். இஞ்சிச் சாறு.

"நல்லா மோந்து பாருண்ணா" என்றான் கஜா. "செல்விதான் இப்படி மோப்பம் புடிப்பா. எனக்கு அங்க ஒன்னு, இங்க ஒன்னு."

சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தான். அவன் கை நடுங்கவில்லை.

5

இப்படித்தான் நான், குடிக்காமல் இருப்பதற்காகத் தம்பியைப் பீர் கடைக்கு அழைத்துப் போகிறவன் ஆனேன். அலுவலகம் முடிந்ததும் அவனை ஏற்றிக்கொண்டு போவேன். அவன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு வைத்துத் தயாராக இருப்பான். அந்தக் கடைக்கு அவ்வளவு பக்தியோடு யாரும் போயிருக்கமாட்டார்கள்.

வசந்தி, "நல்ல வைத்தியம். இதை ஊர்ல வாயத் திறந்து சொல்லிடாதீங்க. செல்வி நம்ம வீட்டு வாசப்படியை மிதிக்கமாட்டா" என்றாள். திவ்யாவிடம் உண்மையைச் சொல்லியாயிற்று. "முதல்லயே சொல்லியிருந்தா அங்க கூப்பிட்டிருக்கவே மாட்டேனேப்பா" என்று அழுதாள். சொல்லாமல் போனதும் ஒரு விதத்தில் நல்லதாயிற்றே என்று அவளைத் தேற்றினேன். பெற்றோர் பொய் சொல்லலாம் என்பதற்கு என் மகளுக்கு நான் கொடுத்த ஒரே நல்ல உதாரணம்.

அங்கே அவனுக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். தன் கிழட்டு நாயோடு வரும் மார்த்தா என்ற அம்மாள். கஜா தமிழில் பேசுவான். நான் மொழிபெயர்ப்பேன். பாதியில் எனக்கு ஆங்கிலச் சொல் கிடைக்காது. இருபத்தைந்து வருடம் இந்த நாட்டில் உப்புத் தின்றும், பந்தல்கால் ஊன்றுவதைச் சொல்ல என் ஆங்கிலம் உதவவில்லை. "நீ குறுக்கால பேசாதண்ணா" என்று அவனே கையைக் காலை ஆட்டிச் சொல்லி முடித்துவிடுவான். மேசையே சிரிக்கும்.

ஒருநாள் காரில் கேட்டேன். "உனக்கு அதைப் பார்த்தா குடிக்கணும்னு தோணலையா?"

கொஞ்ச நேரம் வைப்பர் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தோணுது. ஏன் பொய் சொல்லணும். ஆனா ண்ணா, எனக்குப் பெரிசு குடி இல்ல. சாயங்காலம்தான். வேலை முடிஞ்சா எங்க போறது, சொல்லு. டீக்கடைல டீய குடிச்சினு போயிடறான். ஆம்பளைங்க நாலு பேர் உக்காந்து பேசற எடம் நம்ம ஊர்ல இன்னா கீது? ஒயின்ஷாப் பின்னாலதான் அத்தினி பேரும் கீறான். அங்க போய் சும்மா நிக்க முடியுமா? 'இன்னா மேஸ்திரி, பெரிய மகாத்மாவா நீ'ன்னுவான். இங்க பாரு. நான் இஞ்சித் தண்ணி குடிக்கறேன். ஏன் குடிக்கலன்னு ஒரு பையன் கேக்கலியே."

ஏரி, கோயில், கல்வெட்டு, ஒயின்ஷாப், வங்கி எல்லாம் உள்ள என் ஊரை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். அவன் கேட்ட இடம் கிடைக்கவில்லை.

6

ஆறு மாதம் முடியும் முன் தங்கும் காலத்தை நீட்டிக்கச் சொல்லி மனுப் போட உட்கார்ந்தேன். ஏன் நீட்டிக்க வேண்டும் என்று ஒரு கேள்வி. 'என் தம்பி இங்குள்ள மதுக்கடையில் மட்டும்தான் குடிக்காமல் இருக்கிறான்' என்று எழுதினால், அதிகாரி என்னையும் சேர்த்து அனுப்பிவிடுவார். குடும்பக் காரணம் என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது கஜா வந்து நின்றான்.

"வாணாம்ணா. நான் போறேன்."

"ஏண்டா? நல்லாத்தானே இருக்கே?"

"கயிறு முடியுது. போய் மறுகயிறு கட்டணும். நீ சர்க்கார்கிட்ட எழுதிக் கேக்கற. நான் சாமிகிட்ட எழுதியா போடமுடியும்?"

விடவில்லை நான். புறநகரில் நம்மவர்கள் கட்டிய பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அர்ச்சகரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சங்கடப்பட்டார். புதுக் காருக்குப் பூஜை உண்டு, பரீட்சைக்கு ரட்சை உண்டு, இதற்கெல்லாம் இங்கே யாரும் கேட்டதில்லை என்றார். இங்கே குடியேறிய நம்மவர்கள் யாரும் குடிப்பதில்லை என்று அவர் நம்பியதாகத் தெரிந்தது. இருந்தாலும் நல்ல மனிதர், ஒரு சிவப்புக் கயிறு கட்டுகிறேன் என்று கையை நீட்டச் சொன்னார். கஜா கையை இழுத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் சொன்னான்: "தப்பா நெனச்சிக்காதண்ணா. இந்தச் சாமிக்கு என்னைத் தெரியாது."

ஊருக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு, சிறிது காலம் கழித்துத் திரும்பி வருவதாக ஏற்பாடு. விமான நிலையத்தில் செல்விக்கு வாங்கிய குளிர்கால மேல்சட்டையை மடியில் வைத்திருந்தான். உத்திரமேரூர் வெயிலில் அது எதற்கு என்றேன். "அவளும் ஒருக்கா வரணும்ணா. அந்தக் கடைய அவகிட்டக் காட்டணும்" என்றான்.

7

நடந்ததைச் செல்வி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கோயிலில் ஒரு முறை உண்டு. தவணை முடிந்தவன் பழைய கயிற்றைத் தானே அவிழ்த்து அம்மனின் சூலத்தில் கட்டிவிட்டு, வெறுங்கையோடு பூசாரி முன்னால் போய் நிற்கவேண்டும். கஜா வந்த மறுநாளே குளித்துவிட்டுப் போனான். அவிழ்த்தான். கட்டினான். பூசாரி இல்லை. அவர் வீட்டுக்குப் போனான். வாசலில் அவனுடைய போட்டிக்காரன் போட்ட சாமியானா. பூசாரியின் அம்மா முதல்நாள் இறந்துபோயிருந்தாள். தீட்டு. பதினாறு கழியாமல் அவர் கயிற்றைத் தொடமாட்டார்.

"பழைய கயித்தையே எடுத்துக் கட்டிக்குங்கன்னேன் மாமா. 'நானே கட்டினா அது கயிறு இல்லடி, வெறும் நூலு'ன்னாரு. வேற கோயில் போலாம்னேன். 'எந்தச் சாமிகிட்ட சொன்னனோ அதுகிட்டயேதான்'ன்னாரு. அன்னிலேந்து வாசல் தாண்டல. சொவத்தப் பாத்துகினு கெடந்தாரு. அப்பால மாகறல்ல கல்யாணம். ஒத்துக்கினு முன்பணம் வாங்கின வேலை. போகாம முடியாதே. பந்தல் போட்டு முடிச்சதும் அவங்க குடுத்துகீறாங்க. வேலை செய்யற ஆளுங்க சொல்லிகீறாங்க: 'கையில கயிறு இல்லியே மேஸ்திரி, இப்பக் குடிச்சா சாமி குத்தம் ஆவாது. கயிறு கட்ட இன்னும் நாளு கீதே'ன்னு."

அந்த நியாயத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. சாமிக்கும் அவனுக்கும் இருந்த ஒப்பந்தப்படி அவன் ஒரு தவறும் செய்யவில்லை. ஈரல்தான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

இரண்டு விமானம் மாறி நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனுடைய சாமியானாவை அவன் ஆட்களே அவன் வீட்டு வாசலில் போட்டிருந்தார்கள். ஒரு கம்பு சாய்ந்திருந்தது. அவன் இருந்தால் விட்டிருக்கமாட்டான்.

கருமாதிக்கு வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக என்னைத் தனியாக அழைத்தார்கள். பங்காளி தேசிங்கு, தன் மகனுக்காகக் கேட்டார்: "அமெரிக்காவுல ஆறு மாசம் ஒரு சொட்டு தொடலியாமே. இன்னா மருந்துப்பா அது? பேரு எழுதிக் குடு. இன்னா வெலைன்னாலும் பாத்துக்கலாம்." நான் தட்பவெப்பம் என்று எதையோ உளறினேன். மகனைக் குளிர் பிரதேசத்துக்கு அனுப்பலாமா என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானம் கூட்டம் கலைந்தது. வாடகைப் பாத்திரங்களைக் கழுவும் சத்தம் பின்பக்கம் கேட்டது. செல்வி வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனுக்காவது சொல்லுங்க மாமா. அங்க இன்னா செஞ்சீங்க?"

சொல்லிவிட்டேன். டாக்டர் இல்லை, மருந்து இல்லை. தினமும் சாயங்காலம் பீர் விற்கிற கடைக்குக் கூட்டிப்போனேன். நூறு குழாய். நாற்காலி எடுத்துப் போடுவான். எல்லோரிடமும் பேசிக்கொண்டிருப்பான். இஞ்சிச் சாறு குடிப்பான். திரும்பி வருவோம். அவ்வளவுதான்.

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேசினாரா?" என்றாள்.

"பேசினான். நிறைய."

"குடிக்காமயா?"

"குடிக்காமத்தான்."

"எனுக்கு அவரு ரெண்டு ஆளுதான் மாமா. குடிச்சா தெருவே கூடற மாதிரி பேசுவாரு. குடிக்கலன்னா சொவத்தப் பாத்துகினு கெடப்பாரு, ஒரு வார்த்த வராது. நடுவுல இன்னொரு ஆளு கீறாருன்னு எனுக்குத் தெரியவே தெரியாது." புடவையின் ஓரத்தை நீவி நீவி மடித்தாள். "இன்னா பேசினாரு? சொல்லுங்க."

சொன்னேன். ஒரு கல்யாணத்தில் விடிய விடிய மழை பெய்து, சாமியானா மாட்டு மடி மாதிரித் தொங்கியதையும், கஜா கீழிருந்து மூங்கிலால் ஒரு குத்துக் குத்த, தண்ணீர் அத்தனையும் மாப்பிள்ளையின் தாய்மாமன் தலையில் கொட்டியதையும், அவர் கோபித்துக்கொண்டு போக, அவரைச் சமாதானப்படுத்தத் தாலி கட்டுகிற நேரமே தள்ளிப்போனதையும். அதைச் சொல்லும்போது அவன் மேசைமேல் ஏறி மூங்கில் பிடிப்பதுபோல் நின்றதையும், மார்த்தாவின் நாய் குரைத்ததையும் சொன்னேன்.

செல்வியின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"அப்பறம், சாலவாக்கத்துல ஒரு காதுகுத்து. மைக்ல அவன். நீல தாவணி போட்ட ஒரு பொண்ணோட ஒத்தக் கொலுசு அவன்கிட்ட கெடச்சதாம். மைக்ல சொன்னானாம், வந்து வாங்கிக்கன்னு. அந்தப் பொண்ணு உடனே வந்து வாங்கிட்டுப் போயிடுச்சாம். அப்பவும் சாயங்காலம்வரைக்கும் அதையே மைக்ல சொல்லிட்டே இருந்தானாம்."

"அத்தயுமா சொன்னாரு!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "வெள்ளக்காரங்ககிட்டயா?"

"அந்தப் பொண்ணு பேரு செல்வின்னும் சொன்னான். அத்தனை பேரும் கை தட்டினாங்க."

அவள் அழுதாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பின்பக்கத்திலிருந்து யாரோ, அண்டா எங்கே வைப்பது என்று கேட்டார்கள். அவள் திரும்பவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பால?" என்றாள்.